பீங்கான் கொள்ளிக்குடம்

இப்போதெல்லாம் நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது சாவு வீட்டில்தான். கல்யாணத்துக்குப் போனால் சாப்பாடு ஒத்துக்கொள்வதில்லை. காதுகுத்துக்குப் போனால் மைக் சத்தம் ஒத்துக்கொள்வதில்லை. சாவு வீட்டில் மட்டும்தான் நம் வயதுக்கு மரியாதை கொடுத்து நிழலில் நாற்காலி போடுகிறார்கள். போன மாதம் அப்படி வரிசையாக உட்கார்ந்திருந்தபோது நம்மில் ஒருவர் பெருமூச்சு விட்டார்: "இப்ப என்னங்க, பொத்தானை அமுக்குனா சாம்பல். கொள்ளிக்குடம் உடையிற சத்தத்தைக் கேட்டே எத்தனை காலமாச்சு!" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டை வாயில் அமுக்கிக்கொண்டும் நிற்கவில்லை. செத்தவரின் மருமகன் முறைத்துப் பார்த்தார். சாவு வீட்டில் சிரித்தவன் காரணம் சொல்லியாக வேண்டும். அங்கே சொல்ல முடியவில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. நான் ஐந்தாம் வகுப்பு. காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரியில் எங்கள் வீட்டில் தாத்தா, அப்பா, அம்மா, சித்தப்பா, நான். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், ஒல்லியான மனிதர். சித்தப்பாவுக்கு மின்சார இலாகாவில் கம்பம் ஏறுகிற வேலை. அவருக்குப் பாண்டிச்சேரியில் பெண் எடுத்தார்கள். வந்த சித்தி சீர்வரிசைப் பாத்திரங்களோடு ஒரு சாக்கு மூட்டையும் கொண்டுவந்தாள். துவரம்பருப்பாக இருக்கும் என்று அம்மா ஆசையாக அவிழ்த்துப் பார்த்தாள். உள்ளே வெள்ளை மண்.

சித்தி பிறந்த தெருவில் ஒரு பீங்கான் பட்டறை இருந்ததாம். பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேயே பழியாகக் கிடந்து வேலையைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். கல்யாணம் ஆனால் விட்டுவிடுவாள் என்று அவளைப் பெற்றவர்கள் நினைத்தார்கள். தரகர் பெண்ணின் நிறைகுறைகளை எல்லாம் ஒப்பித்தவர், மண் பிசைவதை எதில் சேர்ப்பது என்று தெரியாமல் சொல்லாமலே விட்டுவிட்டார். வந்த சில மாதத்தில், மாடு இல்லாமல் கிடந்த எங்கள் மாட்டுக்கொட்டகையைச் சித்தி பிடித்துக்கொண்டாள். பக்கத்திலேயே செங்கல் அடுக்கிக் களிமண் பூசி ஆள் உயரத்துக்கு ஒரு சூளையும் எழுப்பினாள். சித்தப்பா புதுமாப்பிள்ளை. அந்தக் காலத்தில் புதுமாப்பிள்ளைகள் எதற்கும் தலையாட்டுவார்கள்.

மண் தீர்ந்ததும் அவரே பாண்டிச்சேரிக்குப் போய் மூட்டை கட்டிக்கொண்டு வருவார். அங்கிருந்து வருகிற பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் நிறுத்தி எதைத் தேடுவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டிலைத் தேடிய கையில் வெள்ளைப் பொடி அகப்பட்டது.

"என்னாய்யா இது, மைதாவா?"

"மண்ணுங்க."

"பாண்டிச்சேரிலேர்ந்து காரைக்காலுக்கு மண்ணு கொண்டு போறியா? ஏன், உங்க ஊர்ல மண்ணு இல்லையா?"

காவலர் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். சப்புக் கொட்டினார். காறித் துப்பினார். "மண்ணுதான்யா" என்று கைவிரித்து அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அந்தத் தடத்தில் எந்தக் கண்டக்டரும் சித்தப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மண்ணு ஏறிடுச்சா? போலாம் ரைட்!" என்பார்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்குப் பீங்கான் என்றால் மூன்றே பொருள்: ஊறுகாய் ஜாடி, கரண்டுக் கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற வெள்ளைக் குப்பி, பிறகு வசதியானவர்கள் வீட்டில் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்த கக்கூஸ். எனவே முதல் ஆர்டர் எதற்கு வந்தது என்பதை நீங்களே யூகிக்கலாம். கொடுத்தவர் நெடுங்காட்டு மாமா, என் அத்தையின் கணவர். நெடுங்காட்டில் நிலமும், உடம்பில் கனமும் உள்ளவர். கல்யாணமோ கருமாதியோ, எங்கே எது நடந்தாலும் முறை சொல்ல முன்னால் நிற்பவர். சாப்பிட்டுக் கைகழுவிய கையோடு சித்தப்பாவைத் தனியே அழைத்து, "ரெண்டு செய்யச் சொல்லு மாப்ள. எங்க வீட்டுக்கு ஒண்ணு, எங்கண்ணன் வீட்டுக்கு ஒண்ணு. கொஞ்சம் அகலமா இருக்கட்டும்" என்றார்.

"அதெல்லாம் செய்யறதில்லன்னு சொல்லுங்க" என்று உள்ளேயிருந்து சித்தியின் குரல் வந்தது.

"பின்ன என்னதான் செய்யிறா?" என்று மாமா கேட்டார். அதுதான் எங்கள் எல்லோருக்குமே புரியாத கேள்வி.

சித்தி செய்தது என்ன தெரியுமா? முறம். ஆமாம், புடைக்கிற முறம். மூங்கில் முறத்தை ஈர மண்ணில் அழுத்தி, பின்னல் வரி வரியாக விழுந்ததும் எடுத்து, வளைத்து, காயவைத்து, பூச்சுப் பூசிச் சுடுவாள். சூளையிலிருந்து வெளியே வரும்போது அது தேன் நிறத்தில் மினுங்கும். அதேபோல உறி, மத்து, பனையோலை விசிறி, கொட்டாங்கச்சி அகப்பை. கோட்டுச்சேரிமேட்டிலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மாளிடம் மீன் போடுகிற பறியை இரவல் வாங்கி அதையும் பீங்கானில் செய்தாள். இரவல் வாங்குவதிலும் ஒரு சிக்கல். வெள்ளிக்கிழமையில் முறம் கொடுக்க மாட்டார்கள், விளக்கு வைத்தபின் உலக்கை கொடுக்க மாட்டார்கள். சித்தி நாள் பார்த்து, நேரம் பார்த்து, வீடு வீடாகப் போய்ப் பழைய சாமான்களைக் கேட்டு நிற்பாள். வசதியான வீட்டில் வாழ்க்கைப்பட்ட பெண் முறம்கூட இல்லாமல் அலைகிறாளே என்று ஊரில் எங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தது. அம்மாவுக்கு அதில் தீராத அவமானம்.

"ஏன் புள்ள, இதைத்தான் தினமும் பாக்குறோமே, இதையே திரும்பச் செஞ்சு என்ன பண்ணப் போற?" என்று அம்மா கேட்டாள்.

"எங்கக்கா பாக்குறீங்க? கையில எடுக்கிறீங்க, போடுறீங்க. அவ்வளவுதானே" என்றாள் சித்தி. அம்மா இதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டு ஒரு வாரம் பேசவில்லை.

அடுத்த வீட்டு ராத்தா மட்டும் கொஞ்சம் ஆதரவு. அவர் கணவர் குவைத்தில் இருந்தார். மாப்பிள்ளை வீட்டார் விருந்துக்கு வரும்போது நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய சஹன் தட்டு ஒன்று கேட்டார், ரோஜாப்பூ போட்டு. சித்தி ரோஜாப்பூவை விட்டுவிட்டு அங்கேயும் முறத்தின் பின்னலைப் பதித்துக் கொடுத்தாள். ராத்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாஷா அல்லாஹ், நல்லாத்தான் இருக்கு புள்ள. ஆனா சம்பந்திமாரை முறத்துல உக்காத்தி வெச்சுச் சோறு போட்ட மாதிரில்ல இருக்கு" என்றார். இருந்தாலும் வாங்கிக்கொண்டார். அது அவர் வீட்டு அலமாரியில் கடைசிவரை சாப்பாட்டைப் பார்க்காமலேயே இருந்தது.

இனி தாத்தா. பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலத்தில் மேரியில், அதாவது அன்றைய நகராட்சி அலுவலகத்தில், கட்டட மேற்பார்வை உத்தியோகம் பார்த்தவர். கோணலாகக் கட்டிய சுவரைக் கண்டால் கைத்தடியால் தட்டி இடிக்கச் சொல்லுவாராம். ஓய்வு பெற்ற பிறகு இடிக்கச் சொல்ல ஊரில் சுவர் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் சித்தி சூளை கட்டினாள்.

சூளை திறக்கிற நாளில் எங்களுக்கெல்லாம் வேறு வேலை இருக்கும். தாத்தாவுக்கு அது ஒன்றுதான் வேலை. குளித்து, திருநீறு பூசி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கொல்லைக்கு வந்துவிடுவார். ஒவ்வொரு சாமானாகச் சித்தி வெளியே எடுத்து வைக்க வைக்க, தடியால் மெல்லத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டு, குனிந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்.

"இது முறம்னா, எங்க, ரெண்டு படி அரிசியைப் புடைச்சுக் காட்டு."

"இது கூடத்துல மாட்டுறதுங்க மாமா."

"முறத்தைக் கூடத்துல மாட்டுவ. படத்தை எடுத்து அரிசி புடைப்பியா?"

பறியைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது எங்கள் குடும்பத்தில் வெகுநாள் உலவியது. "பறின்னா தண்ணி வடியணும். இதுல தண்ணி நிக்குது. மீனைப் போட்டு வெச்சு நீச்சலா கத்துக் கொடுக்கப் போற?"

மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். அதனால் எந்தச் சாமானும் அசலைவிடச் சற்றுச் சின்னதாகவே வரும். "உன் சூளைக்குள்ள போனா சாமானும் இளைக்குது, என் சவுக்குக் கட்டையும் இளைக்குது" என்பார். நெடுங்காட்டு மாமாவை ஒரு தடவை உள்ளே அனுப்பிப் பார்த்தால் என்ன என்று அம்மா என் காதில் சொன்னாள். அம்மா அந்த வருஷம் சொன்ன ஒரே வேடிக்கை அதுதான்.

சவுக்கு விஷயத்தில் தாத்தாவுக்கு உண்மையிலேயே ஆத்திரம். வீட்டு அடுப்புக்கு மாதக்கணக்கில் வருகிற விறகைச் சூளை ஒரே பகலில் தின்றுவிடும். "என்னைச் சுடுறதுக்காவது நாலு கட்டை மிச்சம் வெய்யி ஆத்தா" என்று கத்துவார். சித்தியும் சளைக்காமல் மழை படாத இடமாகப் பார்த்துக் கொட்டகைக்குள் சவுக்கை அடுக்கி வைத்துக்கொள்வாள்.

அந்த ஆடியில் சண்டை முற்றிவிட்டது. சித்தி தண்ணீர்க் குடம் செய்ய ஆரம்பித்தாள். இடுப்பில் வைக்கிற மண்குடத்தின் அதே வடிவம், ஆனால் பீங்கான். சக்கரம் கிடையாது. மண்ணைக் கயிறாகத் திரித்துச் சுற்றிச் சுற்றி எழுப்புவாள். முதல் குடம் கழுத்தில் வெடித்தது. அடுத்தது வயிற்றில். அதற்கடுத்தது சூளைக்குள்ளேயே படீரென்று சிதறி, உடன் இருந்த அத்தனை அகப்பைகளையும் பலி வாங்கியது. தாத்தா ஒவ்வொரு ஓட்டுத் துண்டையும் எடுத்துப் பார்த்துக் கீழே போட்டார்.

"இதோ பாரு. ஒரு முழுக்குடம் வரட்டும், சூளை இருக்கட்டும். வரலேன்னா கார்த்திகை தீபத்துக்குள்ள இதை இடிச்சுத் தள்ளிட்டு மாடு வாங்கிக் கட்டிடுவேன். சொன்னா சொன்னதுதான்."

சித்தி அழவில்லை. சித்தப்பாவைக் கூப்பிட்டு, கம்பங்களிலிருந்து கழற்றிப் போடுகிற உடைந்த குப்பிகளைக் கொண்டுவரச் சொன்னாள். அவற்றை உரலில் போட்டு நாள் முழுக்க இடித்துத் தூளாக்கி மண்ணோடு பிசைந்தாள். குடத்தின் சுவரைக் கனமாக எழுப்பினாள். அது காய்ந்துகொண்டிருந்தபோதே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தாத்தா காய்ச்சலில் படுத்தார்.

சித்தி அந்த மழையிலும் சூளையை மூட்டினாள். பெரியவர் படுத்திருக்கும்போது இது தேவையா என்று அத்தை வந்து திட்டினாள். தாத்தா தன் கட்டிலைக் கொல்லைப்பக்கத்து ஜன்னலோரமாக நகர்த்திப் போடச் சொன்னார். காற்று வேண்டியிருக்கிறது என்று அப்பா நினைத்தார். ஈரக்காற்று ஆகாது என்று அம்மா அந்த ஜன்னலைச் சாத்துவாள். சற்று நேரத்தில் தாத்தா கைத்தடியால் அதைத் தள்ளித் திறந்துவிடுவார். இருவரும் நாள் முழுக்க இப்படியே சாத்தியும் திறந்தும் போராடினார்கள். அந்த ஜன்னலிலிருந்து சூளை தெரியும் என்பது எங்களில் யாருக்கும் அன்று உறைக்கவில்லை. கடைசியாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொன்னது சொன்னபடி நடக்கணும்" என்றார். சூளையை இடிக்க வேண்டும் என்கிறார் என்று அப்பா புரிந்துகொண்டு, கண்ணீர் மல்கச் சம்மதித்தார்.

சூளை ஆறி, திறக்கிற காலையில் தாத்தா போய்விட்டார். சித்தி குடத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைக் கதவைத் தாண்டி வந்திருக்கிறாள். உள்ளே அத்தையின் ஓலம் கேட்டிருக்கிறது. குடத்தைத் திரும்பக் கொண்டுபோய்க் கொட்டகையில் வைத்துவிட்டு உள்ளே ஓடி வந்தாள். குடம் முழுசாக வந்ததா, உடைந்து வந்ததா என்று அன்றைக்கு யார் கேட்பார்கள்?

நெடுங்காட்டு மாமா வந்து பொறுப்பை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டதும் இரண்டு சிக்கல். ஊர் முழுக்க ஈர விறகு. ஈர விறகில் பிணம் வேகாது. பிறகு குடம். கொள்ளிக்குடம் புதுக்குடமாக இருக்க வேண்டும். மழையில் குயவர் வீட்டுச் சூளை ஒரு மாதமாக எரியவில்லை, பச்சைப் பானையெல்லாம் கரைந்து கிடந்தது. விறகுக்கு யாரோ சித்தியின் கொட்டகையைக் காட்டினார்கள். மாமா உள்ளே போனார். காய்ந்த சவுக்கு அடுக்கடுக்காக இருந்தது. அதன் பக்கத்தில், ஒரு சொட்டுத் தண்ணீர் படாத புதுக்குடம்.

"பெரியவர் புண்ணியவான்யா. எல்லாத்தையும் வீட்டுலயே வெச்சுட்டுப் போயிருக்காரு" என்றார் மாமா. பெண்கள் கூட்டத்தின் நடுவே இருந்த சித்திக்கு இது எதுவும் தெரியாது.

நான் மூத்த பேரன். நெய்ப்பந்தம் பிடித்தவன் என்ற உரிமையில் மயானத்துக்கும் போனேன். ஆற்றங்கரை மயானம். மழை சற்று விட்டிருந்தது, மேற்கே மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. அப்பா மொட்டைத்தலையும் ஈரவேட்டியுமாகக் குடத்தில் தண்ணீர் நிரப்பி இடது தோளில் ஏற்றினார். ஏற்றியதும் அவர் முகம் மாறியது. சாதாரணக் குடத்தைப் போல இரண்டு மடங்கு கனம். துக்கத்தில் தள்ளாடுகிறார் என்று எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள்.

முறை உங்களுக்குத் தெரியும். கொள்ளி வைக்கிறவர் குடத்தோடு சிதையைச் சுற்றி வருவார். ஒவ்வொரு சுற்றுக்கும் அரிவாள் நுனியால் குடத்தில் ஓட்டை போடுவார்கள், தண்ணீர் பீச்சியடிக்கும். மூன்றாம் சுற்று முடிந்ததும், அவர் சிதைக்கு முதுகைக் காட்டி நின்று குடத்தைப் பின்னால் விட வேண்டும். உடைந்த பிறகு கொள்ளி. என்ன ஆனாலும் திரும்பிப் பார்க்கக் கூடாது.

முதல் சுற்று முடிந்தது. மயானத்துப் பெரியவர் அரிவாள் நுனியால் கொத்தினார். கோயில் மணி மாதிரி 'ணங்' என்றது. ஓட்டை விழவில்லை. இன்னும் ஓங்கிக் கொத்தினார். அரிவாள் நுனி வளைந்தது.

"என்னா குடம் இது?" என்றார் அவர்.

"பேசாம கொத்துப்பா" என்றார் மாமா.

இரண்டாம் சுற்று. மூன்றாம் சுற்று. ஒரு சொட்டுத் தண்ணீர் குறையவில்லை. அப்பா குடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒருவழியாக முதுகைத் திருப்பி நின்று, தோளைச் சரித்து, குடத்தை விட்டார். அது ஈர மணலில் தொப்பென்று விழுந்தது, தண்ணீரைக் கொட்டிவிட்டு ஒரு உருளு உருண்டு, வாயை வானத்துக்குக் காட்டி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது.



"உடைஞ்சிடுச்சா?" என்று அப்பா ஆற்றைப் பார்த்தபடி கேட்டார்.

"இல்ல மச்சான்."

"என்னது?"

"திரும்பாதீங்க! திரும்பாதீங்க!" என்று நாலைந்து பேர் கத்தினார்கள்.

மறுபடி தோளில் ஏற்றினார்கள். மறுபடி விட்டார். இந்த முறை அது உருண்டு போய் மாமாவின் கால் கட்டைவிரலில் மோதியது. அவர் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, பக்கத்தில் கிடந்த செங்கல்லை எடுத்துக் குடத்தின்மேல் ஓங்கிப் போட்டார். மழையில் ஊறிய செங்கல் இரண்டாகப் பிளந்தது.

"கரண்டுக் கம்பத்துக் குப்பியை இடிச்சுப் போட்டுச் செஞ்சதுல்ல. லைனையே தாங்கும்" என்றார் சித்தப்பா. அந்த இடத்திலும் அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது.

கூட்டத்தில் கிசுகிசுப்பு ஆரம்பித்தது. "பெரியவர் போக மாட்டேங்கிறாருய்யா." "ஏதோ குறை வெச்சிருக்காங்க." அப்பா முதுகைக் காட்டியபடியே, "அப்பா, என்ன குறைன்னாலும் சொல்லுங்கப்பா" என்று ஆற்றிடம் கேட்டுத் தேம்ப ஆரம்பித்துவிட்டார். மேற்கே இடி உறுமியது. மழை வந்தால் காய்ந்த சவுக்கும் போச்சு.

மயானத்துப் பெரியவர் மண்வெட்டியைச் சித்தப்பாவிடம் நீட்டினார். "நான் உடைக்கக் கூடாதுங்க. குடும்பத்து ஆளுங்க யாராச்சும் ஒரு போடு போடுங்க, போயிடும்."

சித்தப்பா மண்வெட்டியை வாங்கினார். குடத்தைப் பார்த்தார். மண்வெட்டியைக் கீழே வைத்தார். "அவளைக் கேக்காம நான் கை வெக்க மாட்டேன். அப்புறம் எனக்கும் இங்கயே ஒரு இடம் பாக்க வேண்டியதுதான்."

மாமா தலையில் அடித்துக்கொண்டார். என்னைப் பிடித்து, "ஓடு, ஓடிப் போயி உங்க சித்தியைக் கேட்டுட்டு வா" என்றார். நான் ஓடினேன். வீட்டில் பெண்கள் கொல்லைக் கிணற்றடியில் தலைமுழுகிக்கொண்டிருந்தார்கள். அத்தை அப்போதும் ஓலமிட்டுக்கொண்டிருந்தாள். நான் நடுவில் போய் நின்று, இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டி, "சித்தி! கொள்ளிக்குடம் உடைய மாட்டேங்குது, நீங்க செஞ்சதாம்!" என்று கத்தினேன். ஓலம் பாதியில் நின்றது.

சித்தி எழுந்தாள். "யாரு எடுத்தா?" என்று கேட்கவில்லை. "எத்தனை தடவை போட்டாங்க? கீறல் விழுந்துச்சா?" என்றுதான் கேட்டாள்.

"விழல சித்தி. செங்கல்லுதான் உடைஞ்சுது."

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனதை நான் பார்த்தேன். அடுத்த நிமிஷம் ஈரச்சேலையோடு தெருவில் இறங்கிவிட்டாள். அத்தை பின்னாலிருந்து, "பொம்பளை சுடுகாட்டுக்குப் போறதாவது! ஏய், நில்லுடி!" என்று கூவினாள். சித்தி நிற்கவில்லை.

மயானத்து எல்லையில் மாமா கையை விரித்து மறித்தார். "பொம்பளைங்க உள்ள வரக் கூடாதும்மா. முறையில்ல."

"அப்ப குடத்தை இங்க கொண்டாங்க."

"உள்ள வந்தது வெளிய போகக் கூடாது. அதுவும் முறையில்ல."

"அப்ப நான்தான் வரணும்" என்று சித்தி அவர் கைக்கு அடியில் குனிந்து உள்ளே போய்விட்டாள்.

குடத்தைத் தூக்கி, மணலைத் துடைத்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். அப்பா ஆற்றைப் பார்த்தபடியே நின்றார். அந்த நாளில் தம்பி மனைவியிடம் மூத்தவர் நேருக்கு நேர் பேசுகிற வழக்கமில்லை. "வந்திருக்கறது அதுதானா? உடைக்கச் சொல்லுங்க" என்று பொதுவாகச் சொன்னார்.

"சூளையை இடிப்பாங்களான்னு கேளுங்க" என்று சித்தியும் பொதுவாகச் சொன்னாள்.



"அது அப்பா வாக்குன்னு சொல்லுங்க. சொன்னது சொன்னபடி நடக்கணும்னு கையைப் புடிச்சுச் சொல்லிட்டுப் போயிருக்காங்க."

"சொன்னதை முழுசாச் சொல்லச் சொல்லுங்க. முழுக்குடம் வந்தா சூளை இருக்கட்டும்னுதான் மாமா சொன்னாங்க. குடம் முழுசா வந்திருக்கா இல்லையான்னு திரும்பிப் பாக்கச் சொல்லுங்க."

"திரும்பாதீங்க!" என்று ஊரே கத்தியது.

அப்பா பாவம், என்ன செய்வார்? திரும்ப முடியாது, பார்க்காமல் நம்பவும் முடியாது. வாத்தியார் அல்லவா? "முழுசாவா இருக்கு?" என்று காற்றைக் கேட்டார்.

"முழுசா இருக்கு சாமி. என் அருவாளே சாட்சி" என்றார் மயானத்துப் பெரியவர். மாமா தன் கட்டைவிரலைத் தடவிக்கொண்டே, "கல்லு மாதிரி இருக்கு மச்சான், ஒத்துக்குங்க" என்றார். முதல் தூறல் விழுந்தது.

"இருக்கட்டும், இருக்கட்டும்! சூளை இருக்கட்டும்! உடைக்கச் சொல்லுங்க!" என்று அப்பா அலறினார்.

சித்தி மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள். மருமகள் உடைக்கலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். "மருமகளும் வாரிசுதான்யா, எங்கூர்ல முறை இருக்கு" என்றார் மாமா. அப்படி ஒரு முறை எந்த ஊரிலும் இல்லை. சித்தி குடத்தைச் சிதையின் தலைமாட்டில் வைத்தாள். சற்று நேரம் அதையே பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மண்வெட்டியின் காம்பைத் தலைக்குமேல் ஓங்கி, இரும்பை இறக்கினாள். ஒரே அடி. அந்தச் சத்தம் ஆற்றின் அக்கரைக்குப் போய்த் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு அவள் அழுத அழுகை! ஓடுகளின் நடுவே மணலில் உட்கார்ந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு, "மாமா, மாமா" என்று கதறினாள். சித்தப்பா தூக்கப் பார்த்தும் முடியவில்லை. கல்மனசுக்காரர்களும் துண்டால் கண்ணைத் துடைத்தார்கள். "பெத்த மகளுகூட இப்படி அழுததில்லய்யா" என்று ஊரெல்லாம் பேச்சு. அத்தைக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. கருமாதி முடிகிறவரை வந்தவர்களுக்கெல்லாம் தானும் அழுது காட்டினாள்.

சூளை நின்றது. அப்பா அதற்குமேல் ஓட்டுக்கூரைகூடப் போட்டுக் கொடுத்தார். ஆனால் அந்த அழுகை எதற்கு என்பதில் எங்கள் வீட்டில் கடைசிவரை கட்சி பிரிந்தே இருந்தது. குடத்துக்காக அழுதாள் என்பது அம்மா கட்சி. சூளை தப்பித்த நிம்மதியில் அழுதாள் என்பது சித்தப்பா கட்சி. மாமனார் பாசம் என்பது ஊர்க் கட்சி. நான் இத்தனை வருஷமும் அம்மா கட்சியில்தான் இருந்தேன்.

போன பொங்கலுக்குச் சித்தியைப் பார்க்கப் போயிருந்தேன். சித்தப்பாவும் இல்லை இப்போது. சித்திக்கு எழுபது தாண்டிவிட்டது. கண் ஆபரேஷன் ஆகியும் மண் வேலையை விடவில்லை. காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். எனக்கு வயதாகிவிட்டது, இனிமேல் கேட்க வெட்கம் எதற்கு என்று கேட்டேவிட்டேன்.

"சித்தி, அன்னிக்கி அந்தக் குடத்துக்குத்தானே அழுதீங்க?"

"குடத்துக்கு யாராச்சும் அழுவாங்களாடா? அடுத்த மாசமே இன்னொண்ணு செஞ்சேன்" என்றாள். பிறகு சொன்னாள்: "அந்த வீட்டுல நான் சூளையைத் தொறக்கறப்பல்லாம் வந்து நின்ன ஒரே ஆளு அவருதான். திட்டத்தான் வருவாரு. ஆனா ஒண்ணு விடாம குனிஞ்சு பாத்துட்டுத்தான் திட்டுவாரு. நீங்கள்லாம் யாரும் என்னைத் திட்டல. பாக்கவும் இல்ல. முழுசா வந்த அந்த ஒரு குடத்தை மட்டும் அவரு பாக்காம போயிட்டாரேன்னுதான் அழுதேன்."

எனக்குச் சுருக்கென்றது. உள்ளபடியே வலித்தது. "என்ன சித்தி இப்படிச் சொல்றீங்க, நான் பாத்திருக்கேனே" என்று அவசரமாகக் கையிலிருந்த காபிக் கோப்பையைத் தூக்கிப் பிடித்தேன். "இதையே பாருங்களேன், கைப்பிடியில என்னா ஒரு வேலைப்பாடு! உங்க கையைத் தவிர யாருக்கு வரும்?"

"அது பஸ் ஸ்டாண்டுகிட்ட வாங்குனதுடா. நான் செஞ்சது மேலதான் நீ வந்ததுலேர்ந்து உக்காந்திருக்க."

எழுந்து பார்த்தேன். நெல் அளக்கிற மரக்காலைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு முக்காலி. இரும்புப் பட்டையும், பட்டையில் அடித்த ஆணிகளும், கை பட்டுப் பட்டுத் தேய்ந்த விளிம்பும் அப்படியே பீங்கானில் இருந்தன. மரம் என்று நினைத்து ஒரு மணி நேரமாக அதன்மேல் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

"ரொம்ப நல்லா இருக்கு சித்தி" என்றேன்.

"நல்லா இருக்குன்னு எல்லாந்தான் சொல்லுதுங்க. எங்க கோணலா இருக்குன்னு பாத்துச் சொல்லு."

கோப்பையை வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டேன். முட்டி இரண்டும் கெஞ்சக் கெஞ்சத் தரையில் மண்டியிட்டுத் தேட ஆரம்பித்தேன்.